அகஸ்டாவின் பளிங்கு முகம்

இதைக் கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நடந்தது இது. பக்கத்திலேயே நின்றவன் நான்.

லண்டனில், விக்டோரியா ராணி காலத்து இடுகாடு. அங்கே அகஸ்டா என்ற இளம்பெண்ணின் பளிங்குக் கல்லறையைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கும் என்னோடு வேலை செய்யும் வில்ஃபுக்கும் வந்தது. மேலே அவளே படுத்துத் தூங்குவது போல ஒரு சிலை. பளிங்கில் ஊறிய கறையைத் தேய்க்கக் கூடாது. ஈரக் களிமண்ணைக் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி, மறுநாள் வரை விட்டுவிட வேண்டும். மண் கறையை உறிஞ்சிக்கொள்ளும்.

டிசம்பர் மாதம். மாலை 3.40. அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. முகம் மட்டும் பாக்கி.

"மத்த பொம்பளைங்க காசு குடுத்து மூஞ்சில மண்ணு பூசிக்கிறாங்க. இவளுக்கு ஓசிடா!"

வில்ஃப் சரியான வாயாடி. சிலையின் மூக்கையும் வாயையும் சேர்த்து மண்ணை அப்பி, தாளை ஒட்டினான்.

3.52. தாள் அசைந்தது.

வாய்க்கு நேராக மட்டும். உள்ளே போனது... வெளியே வந்தது...

"காத்துடா," என்றான்.

"நாலு ஓரமும் ஒட்டியாச்சு. காத்து எப்படிடா உள்ள போகும்?"

திரும்பினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பதினோரு வருடப் பழக்கம், ஒரு நாள்கூட அவன் இருமிப் பார்த்ததில்லை நான். தாள் உள்ளே போனபோதெல்லாம் அவன் மூச்சு அடைத்தது. செத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"மண்ண... எடுறா..."

3.56. தாளைக் கிழித்தேன். நகத்தால் மண்ணைப் பிய்த்தேன். உறைபனிக் குளிர். ஆனால் கல்...

கதகதப்பாக இருந்தது.

ஹ்ஹ்ஹா...

வில்ஃப் மூச்சு விட்டான்.

எனக்குக் கேட்டது இரண்டு மூச்சு.

அவன் நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அதன்பிறகு அவன் அந்த இடுகாட்டுப் பக்கமே வரவில்லை.

அடுத்த வாரம், இடுகாட்டின் பழைய காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் புரூடன்ஸ் அம்மாவிடம் விசாரித்தேன். அந்தக் காலத்தில் இறந்தவர் முகத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்ற ஈரச் சாந்தை ஊற்றி அச்சு எடுத்து, அதைப் பார்த்துச் சிலை செதுக்குவார்களாம். அகஸ்டாவின் சிலையைச் செதுக்கிய சிற்பி தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். கடைசி வரிகள் இவை:

"அச்சைக் கழற்றினேன். சாந்து மூக்குக்குள் ஆழமாக உறிஞ்சப்பட்டிருந்தது. செத்தவள் எப்படி உறிஞ்சுவாள்? அவளுடைய அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை."