ஸ்டோர் அக்காவின் சிவப்பு கார்

பத்தொன்பது வருடமாக ஒரு கார் பட்டறையில், கம்பி வலைக்குப் பின்னால் நின்று உதிரிபாகங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். எல்லோரும் அவளை ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மெக்கானிக் ஒருவர் வலையின் சின்ன ஜன்னலில் வந்து நின்று, "அக்கா, வளைஞ்ச மூக்கு மாதிரி ஒண்ணு இருக்குமே" என்று இழுத்தால் போதும். பதினோரு இலக்க எண்ணைச் சொல்லிக்கொண்டே அலமாரிப் பக்கம் நடந்துவிடுவாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவி, இது எந்த வண்டியின் எந்த போல்ட் என்று சொல்லக்கூடியவள். ஆனால் அந்த போல்ட் வண்டிக்குள் போய் என்ன செய்கிறது என்பது அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அது வலைக்கு அந்தப்புறத்துச் சமாசாரம். அங்கே அவளை யாரும் கூப்பிட்டதில்லை, அவளும் போனதில்லை.

அவள் குடியிருந்த தெருவில் குழந்தைகளுக்கான விளையாட்டு மையம் ஒன்றை மூடினார்கள். சாமான்களை வாசலில் போட்டு விற்றார்கள். நான்கு கோணி நிறைய பிளாஸ்டிக் கட்டைகள் இருந்தன. ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்தி வீடும் வண்டியும் கட்டுகிற கட்டைகள். சக்கரம், பல்சக்கரம், அச்சுத்தண்டு, ஊசி போன்ற பொருத்திகள், எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. எதுவும் கலந்து கிடந்தால் அவளுக்குக் கை பரபரக்கும். பிரித்து ஒழுங்குபடுத்தி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வாங்கி வந்தாள்.

பிரிக்கவே ஆறு வாரம் ஆனது. அவள் கணவர் சலூன் வைத்திருந்தார். அங்கே காலியான கிரீம் டப்பாக்கள் ஒன்றுவிடாமல் வீட்டுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வகைக் கட்டையைப் போட்டு, மூடியில் தானே ஓர் எண் எழுதினாள். சாப்பாட்டு மேஜை டப்பாக்களுக்குப் போனது. புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். பார்க்க வந்த நாத்தனார் நின்ற இடத்திலேயே நின்று, "அண்ணி, பேரன் பேத்தி வர்றதுக்கு முன்னாடியே பொம்மை சேத்து வெக்கிறீங்களா?" என்று கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே அவள் உட்காரவும் கட்டிலைக் காட்டினாள்.

அந்தச் சமயத்தில் பட்டறையில் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றுகொண்டிருந்தது. இரண்டே கதவு, எஞ்சினை மூடும் நீண்ட முன்மூடி, தரையோடு ஒட்டிய உடம்பு. கியர்பாக்ஸுக்கு வேண்டிய ஒரு வளையம் கடல்தாண்டி வர வேண்டியிருந்ததால், மாதக்கணக்கில் வலைக்கு நேர் எதிரே கிடந்தது. கோணியில் கிடைத்த நான்கு பெரிய டயர்களின் விட்டத்தை அக்கா அளந்துவைத்திருந்தாள், எழுபத்தெட்டு மில்லிமீட்டர். ஒரு நாள் மதிய இடைவேளையில், ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தக் காரின் டயரையும் அளந்தாள். அறுநூற்று இருபத்து நான்கு. மிகச் சரியாக எட்டு மடங்கு.

அவ்வளவுதான், பொம்மைகளை யாருக்கும் கொடுக்கும் எண்ணம் போயே போய்விட்டது. மறுநாளிலிருந்து சோற்றை அவசரமாக முடித்துவிட்டு டேப்பும் நோட்டுமாகக் காரைச் சுற்றிவந்தாள். நீளம் நான்கு மீட்டர் பதினாறு, அப்படியானால் மாடல் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். கதவு, கண்ணாடியின் சாய்வு, இருக்கையின் உயரம், எல்லாவற்றையும் எட்டால் வகுத்து எழுதினாள். மெக்கானிக்குகள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். கார் வாங்கப் போகிறாயா என்று ஃபோர்மேன் ஒரு தடவை கேட்டார். கட்டப் போகிறேன் என்றாள். அவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்.

வேலை ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்ப வேண்டும். பின்சக்கரம் உருண்டால் எஞ்சினுக்குள் நான்கு பிஸ்டன்களும் ஏறி இறங்க வேண்டும். சிவப்புக் கட்டைகள் மேல்தோலுக்குத்தான் போதுமாக இருந்தன. அதனால் அடிச்சட்டம் பச்சையும் மஞ்சளும் நீலமுமாக, கைக்குக் கிடைத்த நிறத்தில் வளர்ந்தது. முன்மூடியின் வளைவுதான் அவளைப் படாதபாடு படுத்தியது. சதுரக் கட்டையை வைத்து வளைவு கொண்டுவருவது லேசில்லை. பதினோரு முறை கட்டிக் கலைத்தாள். சோப்பு நுரை காயாத கையோடு வந்து நின்ற கணவர் கொஞ்சநேரம் பார்த்தார்.

"ஒரே வெட்டா எறக்காதே. காதுக்கு மேல முடிய எடுக்கற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுட்டு வா" என்றார்.

பன்னிரண்டாவது முறை வளைவு அமைந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் சலூனில் முன்மூடியைத் தான்தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் கியர்பாக்ஸ். முன்னால் போக நான்கு கியர், பின்னால் வர ஒன்று. கட்டி முடித்து உருட்டினாள். முதல் கியரில் ஓடியது, இரண்டிலும் ஓடியது. மூன்றுக்கு மாற்றினால் சில சமயம் போகும், சில சமயம் சக்கரங்கள் அப்படியே இறுகி நின்றுவிடும். பல்சக்கரங்களை மாற்றினாள், தண்டுகளை மாற்றினாள். முரண்டு தீரவில்லை. பத்து நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. கியர் மாற்றும் இரண்டு தண்டுகளும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று நகரும்போது மற்றதும் கூடவே நகர்ந்துவிட்டால், ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

நிஜ வண்டியில் மட்டும் ஏன் இப்படி ஆவதில்லை என்று யோசித்தாள். மறுநாள் கிடங்கில் கியர்பாக்ஸின் பாகப்படத்தை விரித்தாள். இரண்டு தண்டுகளுக்கும் நடுவே 'பின்' என்கிற குட்டி இரும்பு முளை ஒன்று வரைந்திருந்தது, பட்டாணி அளவுதான். ஒரு தண்டு நகர்ந்ததும் இந்தப் பின் மற்றதன் பள்ளத்துக்குள் போய் அதை அசையவிடாமல் பூட்டிவிடும். அந்தப் பின்னை எத்தனையோ முறை பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அதன் வேலை இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சின்னப் பொருத்தி ஒன்றை அந்த இடத்தில் வைத்தாள். ஐந்து கியரும் வரிசையாக விழுந்தன. கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பதினைந்து தடவையாவது உருட்டியிருப்பாள். கணவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுக் காட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்த அந்த வளையம் பட்டறைக்கு வந்துசேர்ந்தது. சிவப்பு காரின் கியர்பாக்ஸைப் பிரித்து, வளையத்தைப் பொருத்தி, மறுபடி ஏற்றினார்கள். வண்டி இரண்டடி நகர்ந்தது. கியரை மாற்றியதும் சக்கரங்கள் இறுகி நின்றன. கியர்பாக்ஸ் மெக்கானிக் நேராக வலைக்கு வந்தார். தப்பான வளையத்தைக் கொடுத்துவிட்டாய் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. பில்லை எடுத்து எண்ணைச் சரிபார்த்தாள். எண் சரியாகத்தான் இருந்தது. வண்டி எப்படி நின்றது என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை சிவப்பு மாடலைப் பழைய சேலையில் சுற்றி, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கிடங்கைப் பூட்டிவிட்டு நேரே ஃபோர்மேனின் மேஜைக்குப் போய் இறக்கி வைத்தாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் தரையில் மண்டியிட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். அக்கா கியரை ஒவ்வொன்றாகப் போட்டு உருட்டிக் காட்டினாள். பிறகு ஒரு சின்னப் பொருத்தியை நகத்தால் நெம்பி எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி உருட்டினாள். மூன்றாவது கியரில் சக்கரங்கள் இறுகி நின்றன.

"உங்க வண்டியிலயும் இதுதான் சார் இல்ல. வளையம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

ஃபோர்மேன் அந்தப் பொருத்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார். தண்டுகளை உருவியபோது அந்தப் பின் நழுவி விழுந்திருக்கிறது. பாகங்களைக் கழுவிய டீசல் தட்டின் அடியில், கருப்பு வண்டலுக்குள் கிடந்தது. அதைத் தேடி எடுத்தவர் கியர்பாக்ஸ் மெக்கானிக்தான். துடைத்துக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே போடுங்கக்கா. நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவள் முழங்கைவரை எண்ணெயோடு அந்தப் பின்னைப் பொருத்தினாள். மதியத்துக்குள் கார் ஓடியது. ஃபோர்மேன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வெளிச்சாலையில் ஒரு சுற்று போய்வந்தார். நான்காவது கியர் விழுந்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று.

அடுத்த மாதத்திலிருந்து கிடங்கில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மீதி மூன்று நாள் கியர்பாக்ஸ் மேஜை. அவளாகக் கேட்கவில்லை, ஃபோர்மேனே மேலே பேசி ஏற்பாடு செய்தார். நாத்தனார் இப்போது விருந்தாளி யாரை அழைத்து வந்தாலும் முதலில் மாடலின் முன்மூடியைத் தூக்கி, பிஸ்டன் ஏறி இறங்குவதைக் காட்டிவிட்டுத்தான் அவர்களை உட்காரவைக்கிறாள்.

முழுதாக அவள் கையாலேயே பிரித்துக் கோத்த முதல் கியர்பாக்ஸ் ஒரு டாக்ஸியினுடையது. வேலை அட்டையின் அடியில் "பொருத்தியவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. ஃபோர்மேன் பேனாவை நீட்டினார். தன் பெயரை ஓர் எழுத்தும் சுருக்காமல், அந்தக் கட்டம் நிறைய எழுதினாள்.