இன்ஜின் கட்டும் கதவுக் கட்டும்

போன வாரம் சென்னையிலிருந்து ஊருக்கு நான் ஏறி வந்த டாக்ஸி பொன்னேரியைத் தாண்டியதும் நின்றுபோனது. டிரைவரும் நானுமாகத் தள்ளி (நான் தள்ளியது பேருக்குத்தான்) பக்கத்து மெக்கானிக் கடையில் கொண்டுபோய் விட்டோம். மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, கறுப்பு டேப் சுற்றிய வயர்க்கட்டு ஒன்றை வெளியே இழுத்தார். வெயிலில் சூடேறிய அந்த டேப்பின் பசை வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் டாக்ஸிக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன்.

"இன்னா மேடம், மயக்கமா? உள்ள வந்து குந்துங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

மயக்கமெல்லாம் இல்லை. அது எளாவூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியின் வாசனை. பழைய நாளை நினைவூட்ட மற்றவர்களுக்குத் தாழம்பூ, எனக்கு டேப் பசை. என்ன செய்ய?

ஒரு காருக்குள் எவ்வளவு வயர் ஓடுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அத்தனையையும் அளவாக வெட்டி, முனையில் கிளிப் அடித்து, ஆணி அறைந்த பெரிய பலகையில் வளைத்து வளைத்துப் போட்டு, டேப் சுற்றி எடுக்க வேண்டும். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெரிய பெயர் உண்டு. எங்கள் பெண்கள் 'கட்டு' என்பார்கள். கதவுக்குள் போவது கதவுக் கட்டு, முன்பக்கம் போவது இன்ஜின் கட்டு. எங்கள் ஷெட்டில் இந்த இரண்டும்தான். கட்டி முடித்ததும் கப்பலேறித் தாய்லாந்துக்குப் போகும். அங்கேதான் காராகும்.

கட்டியவர்கள் ஏரிக்கரைப் பெண்கள். விடியற்காலையில் பழவேற்காடு பஜாரில் கம்பெனி பஸ் கிளம்பும். திருப்பாலைவனம் வருவதற்குள் ஸீட்டெல்லாம் நிரம்பிவிடும். எங்கள் குப்பத்திலிருந்து அதில் முதலில் ஏறியது என் அண்ணி தேசராணி. முகத்துவாரத்தை மணல் மூடிக் கடல் தண்ணீர் ஏரிக்குள் வராமல் போன சமயம் அது. ஏரியில் முறைவைத்துத்தான் வலை விடுவார்கள்; அண்ணனுக்கு முறை வந்தாலும் வலையில் ஒன்றும் வராது. அண்ணி யாரையும் கேட்காமல் போய் வேலையில் சேர்ந்தாள். கொஞ்ச நாளிலேயே இன்ஜின் கட்டு வரிசைக்கு அவள்தான் லீடர். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என்னையும் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஆபீஸில் விட்டவள் அவள்தான். மேனேஜரிடம், "எங்க வூட்டுக்காரரு தங்கச்சி சார். நல்லா படிச்சிகீது, வாய்தான் இல்ல" என்று சிபாரிசு செய்தாள். வாய் இல்லை என்று அவள் அன்றைக்குச் சொன்னது எவ்வளவு சரி!

என் வேலை கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். நம் நாட்டுக்கும் கிழக்கே இருக்கிற சில நாடுகளுக்கும் ஒரு வணிக ஒப்பந்தம் உண்டு. பொருள் இங்கேயே செய்ததுதான் என்று சான்றிதழ் இருந்தால், அங்கே இறங்கும்போது வரிச் சலுகை. வேறெங்கோ செய்ததை வாங்கி நம் லேபிளை ஒட்டி அனுப்பினால் சலுகை கிடையாது. அந்தச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை டைப் அடித்து அனுப்புவது நான். அந்த ஒரு காகிதத்தை நம்பித்தான் ஷெட் நடக்கிறது, பஸ் ஓடுகிறது, இத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. எழுத்துப் பிழை வராமல் அடித்தால் போதும் என்றிருந்தேன்.

பிறகு இன்ஜின் கட்டுக்கு ஆர்டர் அதிகமாக வந்தது. இருக்கிற ஆளை வைத்துக் கட்டி முடிக்க முடியாது. ஒரு நாள் பஸ்ஸில் அண்ணி என் காதோரம் குனிந்து சொன்னாள்.

"இப்பல்லாம் நாங்க ஒண்ணும் கட்றதில்ல, தெரியுமா? வேற தேசத்துல இருந்து பொட்டி பொட்டியா வருது. முக்காவாசி கட்டியே வருது. மேல டேப்பு சுத்தி, லேபிளு ஒட்டினா ஆச்சி."

அந்த வேறு தேசம் ஒப்பந்தத்தில் சேராத தேசம். எனக்குப் புரிந்தது. புரிந்தும் மறுநாள் போய் வழக்கம்போல 'இங்கேயே தயாரித்தது' என்று டைப் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழையும் வரவில்லை. மூன்று மாதம் அடித்தேன்.

அப்புறம் தாய்லாந்து சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது. சான்றிதழில் சந்தேகம் இருக்கிறது, நேரில் வந்து பார்க்கப்போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"பாருங்கம்மா, உள்ளே வந்த பெட்டிகளோட ரிஜிஸ்டர் இருக்கு இல்லையா, அது மாதிரி இன்னொண்ணு எழுதிடுங்க. வயரும் டேப்பும் மட்டும் வந்த மாதிரி. இது தப்பிச்சாத்தான் எல்லாரும் தப்பிக்கிறோம்."

வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து எழுதினேன். ஒரே நாளில் எழுதியதாகத் தெரியக்கூடாதே என்று மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். அட்டையில் கொஞ்சம் டீயைக்கூடச் சிந்தினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, மறுபடியும் பரீச்சையா?" என்றார். ஆமாம் நைனா என்றேன்.

அவர்கள் வந்த நாளில் ஷெட்டில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. தலை நரைத்த ஒரு தாய்லாந்து அதிகாரி அம்மா, ஃபைல் தூக்க ஒரு இளைஞர், மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெண். முந்தின நாளே பெட்டிகளையெல்லாம் பின்பக்க கோடவுனுக்கு மாற்றியிருந்தார்கள். எல்லாப் பெண்களிடமும் மேனேஜர் ஒரே பதிலைச் சொல்லி வைத்திருந்தார்: எல்லாம் இங்கே கட்டுவதுதான்.

அந்த அம்மா நிதானமாக நடந்து வந்து அண்ணியின் பலகைக்கு முன்னால் நின்றாள். ஒரு இன்ஜின் கட்டை முதலிலிருந்து கட்டிக் காட்டச் சொன்னாள். அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். பலகைக்கு மேலே மாட்டியிருந்த வயர் படத்தைப் பார்க்கவே இல்லை. எந்த நிறம் எந்த ஆணியில் திரும்ப வேண்டும் என்று அவள் விரலுக்கே தெரிந்திருந்தது. முடித்ததும் அந்த அம்மா வளைத்து, இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். மேனேஜர் மூச்சு விட்டார். நானும்தான்.

அப்புறம் என் பக்கம் திரும்பி ரிஜிஸ்டரைக் கேட்டாள். ஆபீஸுக்கு ஓடினேன். மேஜை டிராயரில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது அந்த அம்மா அண்ணியிடம் அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தாள். மொழிபெயர்க்கும் பெண் தமிழில் சொன்னாள்: "இதே கட்டு நேத்து இந்தப் பலகையில எத்தனை கட்டுனீங்கன்னு கேக்கறாங்க."

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஷெட்டில் இருந்த அத்தனை பெண்களும் அவளைப் பார்த்தார்கள், அவள் என்னை மட்டும் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சிமெண்டில் ஒரு துண்டு மஞ்சள் வயர் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நேத்து ஒண்ணும் கட்டல" என்ற அண்ணியின் குரல் கேட்டது. "பொட்டில கட்டியே வருது. நாங்க மேல டேப்பு சுத்தறோம். மாசக் கணக்கா அப்பிடித்தான்."

மொழிபெயர்க்கும் பெண் திகைத்துப்போனாள். மெதுவாக, "அப்படியே சொல்லட்டுமாக்கா?" என்றாள்.

"சொல்லு. அதுக்குத்தான வந்துகீற? ஆனா அதோ அந்தப் பக்கம் கதவுக் கட்டு கட்றாங்க பாரு, அது மொத்தமும் எங்க பொண்ணுங்க கைதான். அத்தயும் சேத்து சொல்லு."

அதற்குப் பிறகுதான் நான் உண்மையான ரிஜிஸ்டரை நீட்டினேன். அதற்குப் பிறகு நீட்டுவதில் என்ன வீரம் இருக்கிறது, சொல்லுங்கள்.

முடிவு இரண்டு மாதத்தில் தெரிந்தது. இன்ஜின் கட்டுக்குச் சலுகை ரத்து. அந்த ஆர்டரைத் தாய்லாந்திலேயே ஒரு ஃபேக்டரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்ணியும் அவள் வரிசைப் பெண்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மேனேஜர் வேறெங்கோ போய்விட்டார். கதவுக் கட்டு தப்பித்தது, ரிஜிஸ்டரில் அதன் கணக்கு சுத்தமாக இருந்தது. கதவுக் கட்டுக்குச் சான்றிதழ் வேண்டுமே, அதனால் நானும் தப்பித்தேன்.

பாதி காலியாக ஓடிய பஸ்ஸில் திருப்பாலைவனத்துப் பெண் ஒருத்தி, "உங்க அண்ணிக்கு வாய வெச்சிகினு சும்மா கெடக்க முடியாதா?" என்று கேட்டாள். அப்போதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை போன பிறகு அண்ணியிடம் பேச எனக்கு மூன்று வாரமாயிற்று. அவள் முறத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரிக்க ஆரம்பித்தேன். தலை நிமிராமலே அவள்தான் ஆரம்பித்தாள்.

"நா உன்னத்தான பாத்தேன். நீ கண்ண காட்டியிருந்தா பொய்யே சொல்லியிருப்பேன். வேணாம்னு தலைய ஆட்டியிருந்தா செரின்னு நெசத்த சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் சேந்து சொன்னா மாதிரி இருந்திருக்கும். நீ தரைய பாத்துகினு நின்னுட்ட."

"பயமா இருந்துச்சி அண்ணி."

"எனக்கு மட்டும் இன்னா, குளுகுளுன்னா இருந்துச்சி?" என்றாள். பிறகு, "தலய கிள்ளிட்டு உரி, முள்ளு கையில குத்தும்" என்று சொல்லிவிட்டு முறத்தை என் பக்கம் தள்ளினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்றுவரை இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

கதவுக் கட்டு இன்னும் சில வருடம் ஓடியது. பிறகு வேறு இரண்டு நாடுகள் தங்களுக்குள் இன்னொரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அங்கே கட்டினால் இன்னும் லாபம் என்று யாரோ எங்கேயோ கணக்குப் போட்டார்கள். ஒரு திங்கட்கிழமை பலகைகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கம்பெனி பஸ் பஜாருக்கு வருவது நின்றது. அண்ணி இப்போது நண்டு ஏற்றுமதி செய்கிற இடத்தில் தரம் பிரிக்கிறாள். நான் சென்னையில் ஒரு ஆடிட்டரிடம் இருக்கிறேன்.

டாக்ஸி சரியானதும், கொஞ்சம் சுற்றுதான் என்றாலும், டிரைவரை எங்கள் கம்பெனி இருந்த மண்ரோட்டுக்கு விடச் சொன்னேன். ஷெட் இருக்கிறது. உள்ளே டைல்ஸ் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். வாசலில் வெளியூர்க்காரர் ஒருவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"நான் வந்து ஆறு மாசம்தான் ஆவுது. மின்ன இங்க இன்னா கம்பெனிம்மா இருந்துச்சி?" என்று கேட்டார்.

"காருக்கு வயர் கட்டுவோம்."

"அப்பிடியா? எந்தக் காருக்கு?"

சொல்ல வாயெடுத்தேன், பெயர் வரவில்லை. எங்கள் காகிதங்களில் அதற்கு நம்பர்தான் உண்டு. அந்தக் கார் இந்த ஊர் ரோட்டுக்கு வரவே இல்லை. அண்ணியோ நானோ, அந்தப் பஸ்ஸில் ஏறி இறங்கிய வேறு யாருமோ அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.