பதினாலாம் நம்பர் சட்டை

டேனி தம்பி இறந்துவிட்டாராம்... அமெரிக்காவில். அவர் மகள் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். பேத்தி படித்துச் சொன்னாள். அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குயிலாப்பாளையத்தில் அப்போது சில அமெரிக்காக்காரர்கள் குடியிருந்தார்கள். அவர்கள் சேர்ந்து ஒரு ரக்பி கிளப் ஆரம்பித்தார்கள். முட்டை மாதிரி ஒரு பந்து. ஒருத்தன் அதைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும், மற்றவன் அவனைக் கட்டிக் கீழே தள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

டேனிதான் கேப்டன். நான் கிளப்புக்குச் சமைத்துப் போட்டு, சட்டைகளைத் துவைத்துக் கொடுத்தேன். என் மகன் ஏழுமலை அவர்களுக்கு வேன் ஓட்டினான்.

கோலியனூர் சொந்தக்காரர்கள் யாரும் இந்தப் பதிவின் கீழே RIP போட வேண்டாம். "வெள்ளக்காரன் அழுக்கத் தொவைச்சிக்கினு கீறா" என்று பந்தியில் உட்கார்ந்து சிரித்தவர்கள் நீங்கள். மறக்கவில்லை.

முதல் சீசனில் அவர்களுக்கு கிரவுண்டே கிடையாது. திண்டிவனம் தாண்டி, பெருமுக்கல் பக்கம், மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கின கொல்லை ஒன்றில் ஆடினார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் குனிந்து, தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். அந்தத் தள்ளில் மண் பெயர்ந்து, அடியில் விட்டுப்போன மல்லாட்டை எல்லாம் மேலே வந்துவிடும்.

உடனே ஊர்ப் பெண்கள் கூடையோடு உள்ளே இறங்கிவிடுவார்கள். ரெஃப்ரீ விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோவார்.

"யம்மோவ், ஆட்டம் நடக்குது, நவுருங்க!" என்று ஏழுமலை கத்துவான்.

"நாங்க இன்னா உங்க பந்தையா பொறுக்கறோம்? அந்தாண்ட மூலையில போய்த் தள்ளச் சொல்லுடா... அங்கதான் நெறைய கீது!"

டேனி விழுந்து விழுந்து சிரிப்பார். உண்மையிலேயே அடுத்த தள்ளை அந்த மூலைக்குக் கொண்டுபோனார்.

ஒருநாள் மெட்ராஸ் டீம் வந்திருந்தது. இவர்களில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, ஆள் குறைந்துபோனது. டேனி நேராக வேனுக்கு வந்து பதினாலாம் நம்பர் சட்டையை ஏழுமலை மடியில் போட்டார்.

"எனக்கு ரூலு தெரியாது சார்."

"ரூலு அப்பறம். இப்ப ஓடு."

ஓடினான்... யாராலும் பிடிக்க முடியவில்லை. கோட்டைத் தாண்டியதும் பந்தைத் தரையில் வைக்க வேண்டுமாம், அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஓடின ஓட்டத்தில் போய் வேனுக்குள், டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினான்.

பாயிண்ட் கிடையாது. சட்டை வலது தோளில் கிழிந்ததுதான் மிச்சம்.

சிவப்புச் சட்டை. வீட்டில் பச்சை நூல்தான் இருந்தது, அதிலேயே தைத்தேன். "இனிமே கையத் தூக்காதடா, பிரிஞ்சிடும்" என்றேன். ஒவ்வொரு மேட்சிலும் தூக்குவான். தையல் மேல் தையல் போட்டு அந்தத் தோள் தடித்துப்போனது.

அடுத்த சீசனில் அவன் டீமிலேயே ஒருத்தன். ஆனால் குரூப் போட்டோவின் கீழே எல்லோர் பேரும் எழுதி, இவனுக்கு மட்டும் "டிரைவர்" என்று போட்டிருந்தார்கள். எழுதினது யார் என்று எனக்குத் தெரியும். டேனி இல்லை.

டேனி தமிழ் பேசக் கற்றதே ஏழுமலையிடம்தான். "இன்னாம்மா, துன்னியா?" என்று அச்சு அசலாக இவனை மாதிரியே கேட்பார்.

மூன்றாவது சீசன் முடிவதற்குள் ஏழுமலை போய்விட்டான். விழுப்புரம் பைபாஸில், லாரி. வேனில் அவன் மட்டும்தான் இருந்தான்.

அன்றைக்கு கிளப் சட்டைகள் என் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. சாவுக்கு ஜனம் வருகிறதே என்று யாரோ எல்லாவற்றையும் அள்ளி கிளப் பையில் திணித்துவிட்டார்கள். சட்டை ஆளுக்குச் சொந்தமில்லை, கிளப்புக்குச் சொந்தம். அது அவர்கள் வழக்கம். அவன் உடுத்தின மற்ற துணியை எல்லாம் அவனோடு எரித்துவிட்டோம். அது எங்கள் வழக்கம்.

பிறகு கிளப்பும் கலைந்தது. பை டேனியோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவார். நான் ஒன்றுதான் கேட்பேன்.

"சட்ட எங்க தம்பி?"

"பத்திரமா கீதும்மா. தபால்ல போட்டா காணாப்பூடும். நானே எட்தாந்து உன் கையில குடுக்கறேன்."

"எப்ப?"

"வர்ற பொங்கலுக்கு."

அடுத்த வருடமும் வர்ற பொங்கல்தான். போன தடவை பொறுக்க முடியாமல், "நீ வர மாட்ட, பொய் சொல்லாத" என்றேன். "இன்னாம்மா பண்றது, பேஜாரா கீது" என்றார். உடம்பு சரியில்லை என்று சொல்லவே இல்லை.

மகள் ஒரு போட்டோவும் அனுப்பியிருக்கிறாள். பெட்டிக்குள் படுத்திருக்கிறார், சிவப்புச் சட்டையில். "அப்பா அலமாரியில் தனியாக மடித்து வைத்திருந்த கிளப் சட்டை. அதையே போட்டு அனுப்பினோம்" என்று எழுதியிருக்கிறாள்.

படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். வலது தோள்... பச்சை நூல்.

என் தையல்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. டேனிக்குத் தெரியும். ஒரு வார்த்தை அவளிடம் சொல்லி வைத்திருக்கலாம். இந்தக் கோபம் எனக்குத் தீராது.

"இன்னாம்மா துன்னியா" என்று கேட்கவும் இனி ஆள் இல்லை.

போங்க தம்பி. அங்க போய்க் கையத் தூக்காதீங்க... பிரிஞ்சிடும்.