நான் போகாத தெருவுக்கு நாற்பது படிவம்

படிவம் நகல் எடுக்கிற சைக்ளோஸ்டைல் மை ஒரு மாதிரி வாசம் அடிக்கும். மண்ணெண்ணெயும் பழைய செருப்பும் கலந்த மாதிரி... படிவக் கட்டை வாங்கிய கையோடு மூக்கைச் சொறிந்துவிட்டு, அன்று முழுக்கக் கறுப்பு மூக்கோடு திரிந்தவன் நான். நம்முடைய பி.ஏ. அரசியல் அறிவியல் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த மூக்கு ஞாபகம் இருக்கும்.

நாலு நாளாக நம் பழைய வகுப்பு குரூப்பில் ஒரே கேள்வி. பழைய போட்டோவைப் போட்டு, "தெனமும் லேட்டா வருமே, அந்தப் பொண்ணு எங்கப்பா?" என்று. கல்யாணம் ஆகிப் போயிருக்கும் என்கிறீர்கள், ஊரை விட்டே போயிருக்கும் என்கிறீர்கள். எதற்கும் முந்திக்கொண்டு நக்கல் அடிக்கிற நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "இன்னா, பெருசு போய்ச் சேந்துச்சா?" என்றுகூட ஒருவன் கேட்டுவிட்டான்.

இல்லைடா. இருக்கிறேன். சொல்கிறேன்.

அவள் எங்கள் ஊர்தான். நான் ஊர்த் தெரு, அவள் காலனி. நடுவில் ஏரிக்கரை. திருவண்ணாமலைக் கல்லூரிக்கு நான் எட்டு மணி பஸ், அவள் அதற்கு அடுத்த பஸ். முதல் பீரியட் பாதியில்தான் வாசலில் வந்து நிற்பாள். உடனே நான் எழுந்து, "எல்லாரும் எழுந்திருங்கப்பா, மகாராணி வந்துட்டாங்க!" என்பேன். நீங்கள் எல்லாம் சிரிப்பீர்கள். அவளும் தலையைக் குனிந்து லேசாகச் சிரித்துவிட்டு உட்காருவாள்.

ஏன் லேட் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காலனியில் குழாய் கிடையாது. எங்கள் பங்காளி ஒருவர் கிணற்றில் மோட்டார் போட்டால்தான் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர். அவர் காபி குடித்து, பேப்பர் படித்து, மெதுவாக வந்து போடுவார். தெரியும்... ஆனால் அந்த மோட்டாரையும் மகாராணியையும் சேர்த்து ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

இரண்டாம் வருஷம், சமூகவியல் எடுத்த சார் கிராமக் கணக்கெடுப்பு கொடுத்தார். "உன் தெருவுதான் உனக்குத் தெரியுமேடா. எதிர்த் தெருவுக்குப் போ. அதுக்குப் பேருதான் படிப்பு" என்பார். அதனால் எங்கள் தெரு அவளுக்கு, காலனி எனக்கு. ஆளுக்கு நாற்பது படிவம். கார்த்திகை தீபத்து லீவில் முடிக்க வேண்டும்.

தீபத்து லீவில் கணக்கெடுப்பு! மாட்டுச் சந்தைக்கும் தேருக்கும் ஊரே டவுனுக்குப் போய்விடும். வீட்டுக்கு வீடு பூட்டு. ஜனம் திரும்பும்வரை அவள் காத்திருந்தாள். அப்புறம் எங்கள் தெருவில் வாசல் வாசலாக வெயிலில் நின்று எழுதினாள். எங்கள் அம்மாவே, "யார் வூட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்டு, வெளியிலேயே நிற்கவைத்துத்தான் பதில் சொன்னார்.

நான்? காலனிக்குள் கால் வைத்ததாக அப்பாவுக்குச் சேதி போனால் தோலை உரித்துவிடுவார். அந்தப் பயத்தை மறைத்துக்கொண்டு, "பூட்டின வூட்ல யாரைக் கேக்கறது" என்று எனக்கே சொல்லிக்கொண்டு, ஏரிக்கரைப் புளியமரத்தடியில் உட்கார்ந்து நாற்பதையும் நானே நிரப்பினேன். பெயர்களுக்கு வோட்டர் லிஸ்ட். கையெழுத்து வேறு வேறாகத் தெரிய, இடது கையால் பத்து, பென்சிலால் பத்து. 'குடிநீர் எங்கே எடுக்கிறீர்கள்?' நாற்பதிலும் 'தெருக்குழாய்'. 'குறைகள்?' 'இல்லை'. என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு.

வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க்.

மாசியில் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அட்டெண்டன்ஸ் கம்மி. காரணம் எழுதி சார் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை. தண்ணீருக்கு நிற்பதால் லேட் என்று எழுதியிருந்தாள். சார் மேஜையில் என் நாற்பது படிவம்.

"ஏம்மா, உங்க தெருவுல குழா இருக்குதுன்னு நாப்பது வூட்டுக்காரங்க சொல்லி இருக்காங்க. நீ மட்டும் இல்லைன்ற?"

"சத்தியமா இல்லைங்க சார். இவுரு எங்க தெருவுக்கே வர்லைங்க."

சார் என்னிடம் திரும்பினார். "டேய், நீ சொல்லு. குழாயக் கண்ணால பாத்தியா?"

மார்க் போகும். புளுகினது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்...

"பாத்தேன் சார்."

அவள் சண்டை போடவில்லை. சார் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்த காகிதத்தை மடித்துக்கொண்டாள். வெளியில் வந்ததும், "நாளைக்காச்சும் சார்கிட்ட நெஜத்த சொல்லிடுங்க. பரீட்சை எழுதலைன்னா எங்க அப்பா அடுத்த வருசம் அனுப்ப மாட்டாரு" என்றாள்.

"சொல்றேன்" என்றேன். நாளைக்கு, அதற்கு மறுநாள்... அறை வாசல்வரை போவேன். திரும்பி வந்து உங்களில் யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பேன்.

ஹால் டிக்கெட் நமக்கெல்லாம் வந்தது. அவளுக்கு வரவில்லை. ஜூனில் அவளும் வரவில்லை.

மூன்றாம் வருஷம் என்னாலும் உட்கார முடியவில்லை. முதல் பீரியட் பாதி ஆனதும் கண் வாசலுக்கே போகும். படிப்பை நிறுத்திவிட்டேன். கேட்டவர்களிடம் எல்லாம், "படிச்சவன் இன்னாடா கிழிச்சான்?" என்று ஜோக் அடித்தேன். நீங்களும் நம்பினீர்கள்.

எங்கேயும் போகவில்லை அவள். அதே ஊர், அதே தெரு. அங்கன்வாடியில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டாள். குழாய் பல வருஷம் கழித்து வந்தது. இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது.

நேற்று போனேன். இத்தனை வயதில், முதல் முறையாக அந்தத் தெருவுக்குள். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குரூப்ல எல்லாரும் உன்னைக் கேக்கறாங்கம்மா. நடந்தத எழுதிடட்டுமா? உன்னையும் சேத்துவுடறேன்."

நிமிரவே இல்லை. "எழுதினா நான் பி.ஏ. ஆயிடுவனா?"

ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் முறத்தைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"உன் மனசு ஆறணும்னா எழுதிக்கோ. என் பேரை மட்டும் உன் கையால எழுதாத."

அன்று என்னை 'ங்க' போட்டுப் பேசியவள்.

அப்போது ஒரே ஒரு வார்த்தை போதுமாக இருந்தது... இப்போது இவ்வளவு எழுதியும் ஒரு பிரயோஜனம் இல்லை. அவள் பெயர் உங்களில் சிலருக்கு ஞாபகம் வந்திருக்கும். கமெண்டில் போடாதீர்கள்.