பார்வதி அக்காவின் பெயரில் ஒரு கார்

பார்வதி அக்காவுக்குக் கிடைக்கவேண்டிய வீட்டைக் கெடுத்தவள் நான்தான்.

நீங்கள் நம்பமாட்டீர்கள். நமுனுகுலைத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்திலும் யாரும் நம்பமாட்டார்கள். கொழுந்து பறிக்கும் அக்காவின் பெயரில் ஒரு கார் இருக்கிறது... அதுவும் நாட்டுக்கே ஒரு சில மட்டும் வந்த கார்!

நான் பதுளையில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் வேலை செய்கிறேன். அத்தகைய கார்கள் வரப்போவது விளம்பரமாகும் முன்பே முதலாளி பழகிய பணக்காரர்களை அழைத்துச் சொல்லிவிடுவார். விளம்பரம் வரும் நாளில் எல்லாம் விற்று முடிந்திருக்கும். ஆளுக்கு ஒன்றுதான், ஒரு வருடம் பெயர் மாற்றக்கூடாது என்பது விதி. ஒருவருக்கு இரண்டு வேண்டுமென்றால்? இன்னொருவரின் பெயர் வேண்டும்.

"ஒங்க பக்கத்துல நம்பிக்கையான ஆள் இருந்தா கேட்டுப் பாரும்மா," என்றார் முதலாளி.

நான் வேலைக்குப் போகும்போது என் மகளைப் பார்த்துக்கொள்பவர் பார்வதி அக்கா. அவரிடம் அடையாள அட்டையின் பிரதியைக் கேட்டேன். அப்போது லயத்தில் எல்லோரும் அரசாங்கம் கட்டித்தரும் தனிவீட்டுத் திட்டத்துக்காகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டு லிஸ்டுக்கா தங்கச்சி?"

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? மகள் அழுதுகொண்டிருந்தாள், பஸ் வந்துவிட்டது... இவையெல்லாம் காரணங்களா? வேலை போய்விடுமென்று பயந்தேனா? முதலாளி மிரட்டவே இல்லையே! நான் வாய்திறந்து பொய் சொல்லவில்லை... ஆனால் மறுநாள் கார் வாங்கும் ஆங்கிலப் படிவத்தில் அக்கா கையெழுத்திடும் இடத்தை விரலால் காட்டியது நான்தானே!

போன வாரம் வீட்டுப் பட்டியலைச் சரிபார்க்க வந்த அதிகாரி, "ஒங்க பேர்ல வாகனம் இருக்கே," என்று அக்காவின் பெயரை வெட்டிவிட்டார். இந்த மாதத்தோடு பட்டியல் முடிகிறது.

"கார்க்காரம்மா, எங்களையும் பதுளைக்கு ஏத்திட்டுப் போறது!" என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கேலி செய்தார்கள்.

"டிரைவருக்கு லீவுடி," என்றார் அக்கா. பிறகு உள்ளே போய் அழுதார். ஒழுகும் அந்த ஒற்றை அறையில் ஐந்து பேர்.

முதலாளியிடம் சொன்னேன். "வருஷம் முடியட்டும், மாத்திடலாம்," என்றார்.

நேற்று அக்கா ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார்.

"நீ படிச்சவ. எனக்குக் கார் இல்லன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு தங்கச்சி."

உண்மையை எழுதினால் என் வேலை போகும். கையெழுத்திட்ட அக்காவையே பிடித்துக்கொள்வார்களோ? எழுதாவிட்டால் வீடு...? அக்காவுக்காகப் பயந்தேனா, எனக்காகவா? இன்னும் பிரித்தறிய முடியவில்லை.

'என் பெயரை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியாது' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அக்காவின் மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த நாசமாப் போறவன விட்டுறாதீங்கன்னும் சேத்துக்க," என்றார்.

சேர்த்துக்கொண்டேன்... கொஞ்சம் மரியாதையான சொற்களில்.