அக்கா நிறுத்தி வைத்த வண்டி

எங்கள் அக்காவின் முதல் வருஷ நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் கும்பிடு போட்டு எழுதுகிறேன். நாலாவது வரைக்கும்தான் படித்தேன். லாரியில் கிளீனராக ஏறினவன், இன்று திருவொற்றியூரில் பதினோரு டிரெய்லருக்கு முதலாளி. எல்லாம் என் உழைப்பு, யார் தயவும் இல்லை என்று கல்யாண மேடையில்கூட மைக் பிடித்துச் சொன்னவன் நான். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது.

அக்கா ராயபுரத்தில் பிறந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் நைனா சீக்கிரமே போய்விட, அக்காதான் வலை பின்னும் கம்பெனிக்குப் போய் என்னை வளர்த்தார்கள். மாமா தவறிய பிறகு என் லாரி யார்டுக்கு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எந்த வண்டி எப்போது கிளம்புவது என்பது அவர்கள் முடிவு.

துறைமுகத்தில் கேட் எப்போது திறக்கும், கப்பல் எப்போது கிளம்பும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்கா துறைமுக ஆபீசைக் கேட்க மாட்டார்கள். கேட் வரிசையில் கடைசியாக நிற்கும் எங்கள் டிரைவருக்குப் போன் போடுவார்கள். "சாப்டியா கண்ணு? எந்த டீக்கடைகிட்ட நிக்கிற?" அதை வைத்தே நேரம் சொல்லிவிடுவார்கள்.

ஒரு வண்டியை மட்டும் எப்போதும் டீசல் நிரப்பி, காலியாக நிறுத்தி வைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சும்மா நிக்கிறதுக்கா வண்டி வாங்கினேன்?"

"நாளைக்கு இன்னா ஆவும்னு உனக்குத் தெரியுமாடா மொதலாளி? தெரிஞ்சா சொல்லு, இதையும் அனுப்பிடறேன்."

ஒரு புயல் சமயம். அக்கா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அந்த வண்டியை ஸ்ரீபெரும்புதூர் லோடுக்கு அனுப்பிவிட்டேன். மதியம் எம்.கே.பி. நகரில் தையல் யூனிட் வைத்திருக்கும் பெண்கள் பதறி வந்தார்கள். அவர்களுடைய முதல் வெளிநாட்டுச் சரக்கோடு போன எங்கள் வண்டி மணலியில் இஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. புயலுக்காகச் சாயங்காலமே கேட்டை மூடுகிறார்கள். கப்பலை விட்டால் ஆர்டர் போய்விடும்.

அந்த வண்டி நிற்க வேண்டிய காலி இடத்தை அக்கா ஒரு தடவை பார்த்தார்கள். என்னைத் திட்டவில்லை. எதிர் யார்டு தேவசகாயத்துக்குப் போன் போட்டார்கள். நானும் அவரும் முகம் கொடுத்துப் பேசியே பல வருஷம். ஆனாலும் அவர் வண்டி வந்தது. எங்கள் டிரெய்லரைக் கண்டெய்னரோடு கோத்து இழுத்துப் போனது. கேட் மூடுவதற்குள் சரக்கு உள்ளே போய்விட்டது.

வீம்பை விழுங்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். அவர் சிரித்தார்.

"இன்னா மாமு, என் வண்டி படுத்தப்பல்லாம் உன் வண்டிதானே வந்துகினு இருந்துச்சி? அக்கா சொல்லலியா?"

சொல்லவே இல்லை. சுற்றியிருக்கும் பாதி யார்டுகளுக்கு என் வண்டி இப்படி ஓடியிருக்கிறது. நேரே வந்து அக்காவிடம் கத்தினேன்.

"நீ யாருகிட்டயும் போய் நிக்க மாட்ட. உனக்குன்னு ஒரு நாள் வந்தா கேக்கறதுக்கு நாலு பேரு வோணாமாடா? அதான் சேத்து வச்சேன்" என்றார்கள்.

அந்த நாள் போன வருஷம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் "கேட்ல வண்டி நகருதாடா?" என்றுதான் கேட்டார்கள். முறை போட்டு உடன் இருந்த தையல் யூனிட் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த டிரைவர்களுக்கும், பாடைக்கு முதல் தோள் கொடுத்த தேவசகாயத்துக்கும் நன்றி. அவர்களில் ஒருவரையும் நான் கூப்பிடவில்லை, தாங்களாகவே வந்தார்கள்.

அந்த வண்டி இன்றும் காலியாகத்தான் நிற்கிறது. போன் இப்போது என் கையில். யாருக்கு வண்டி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பேன்.