சன்பெட்டில் இருபது நிமிடம்

வெள்ளைக்காரர் காசு கொடுத்துக் கறுப்பதைப் பார்த்துச் சிரித்தவள் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் பிளேஸ்டோவில் ஒரு டானிங் கடையில் துப்புரவு வேலை செய்தேன். கட்டில் முழுக்க ட்யூப் லைட், மேலே அதே மாதிரி ஒரு மூடி. அதுதான் சன்பெட். உடுப்பைக் களைந்து உள்ளே படுத்துவிட்டு, அவித்த இறால் நிறத்தில் எழுந்து போவார்கள். அவர்களுடைய வியர்வையை நான் துடைப்பேன். மூளை கலங்கின விசரர் என்று நினைத்தேன். ஆர் விசரி என்று பிறகு தெரிந்தது.

அக்காவுக்குக் கழுத்திலும் கைகளிலும் வெண்புள்ளி படர்ந்திருந்தது. கனடாவில் மாப்பிள்ளை பேசிய அண்ணை, அவர்கள் பெண் பார்க்க வருவதற்குள் அது மறைந்தாக வேண்டும் என்று நின்றார். ஆஸ்பத்திரியிலும் லைட் பிடிப்பார்கள்தான். மாதக்கணக்கு ஆகும் என்றார் டொக்டர். அண்ணைக்குப் பொறுமை இல்லை. ஊரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரி காய்ச்சிய கார்போகரிசி விதை எண்ணெயை வரவழைத்தார். பூசிக்கொண்டு வெயிலில் கொஞ்சநேரம் நிற்க வேண்டுமாம். கார்த்திகை மாதத்து லண்டனில் வெயிலுக்கு எங்கே போவது?

"எங்கட கடையில வெயில் கிடக்கு" என்று சொன்னது என் வாய்தான்.

"வேண்டாமடி, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் அக்கா. நானும் அண்ணையும் விடவில்லை.

மருந்து பாவிப்பவர்கள் படுக்கக் கூடாது என்று கடைச் சுவரில் எழுதியிருந்தது. முதலாளியம்மா வாயாலும் கேட்டாள். நான் முந்திக்கொண்டு இல்லை என்றேன். பொய் சொல்வதாக எனக்குப் படவில்லை. எங்களுக்கு மருந்து என்றால் குளிசை, ஊசி. எண்ணெய் எண்ணெய்தான். புதியவர்களுக்கு ஐந்து நிமிடம் என்பது கடைச் சட்டம். அவள் அங்கால் போனதும் நான் இருபதுக்குத் திருகினேன்.

அன்று ஒன்றுமில்லை. மறுநாள் சிவந்தது. மூன்றாம் நாள் விடிய அக்கா அலறுவது கேட்டு ஓடினேன். கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கழுத்திலிருந்து பையாகத் தொங்கின. சட்டைக் கையை இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அதே டொக்டர்தான், தமிழ்நாட்டுக்காரர், போத்தலை மோந்து பார்த்தார். "இந்த விதையில இருக்கிற சத்தைத்தான் நாங்க அளந்து கொடுத்துட்டு லைட் வைக்கிறோம். நீங்க அளவில்லாமப் பூசி இருபது நிமிஷமா? வெந்து போச்சேம்மா."

அக்காவை வார்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தியதும் அண்ணை என்னை அறைந்தார். விழுந்தேன். வயிற்றில் உதைத்தார். "நாசமாப் போனவளே, அவளைச் சுட்டுப் போட்டாய்!" எண்ணெய் வரவழைத்த மனுசன் சொல்கிற கதை. எழும்பித் தோசைக்கல்லைத் தூக்கி அவர் முழங்கையில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இன்றைக்கும் அதற்கு வெட்கப்படவில்லை.

அதிலும் ஆத்திரம் ஆறவில்லை. காலையில் கடைக்குப் போய், தரை துடைக்கிற தடியாலேயே அந்த ட்யூப்களை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கினேன். கண்ணாடி பறந்து என் நெற்றியைக் கிழித்தது. முதலாளியம்மா மூலையில் ஒடுங்கி, "நான் கேட்டேனே, உன்னிடம் கேட்டேனே" என்று அழுதாள். அவளையும் அடிக்கத் தடியை ஓங்கினேன். அவள் கேட்டது உண்மை என்பதால் கை இறங்கவில்லை.

இரத்தம் காயாத நெற்றியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "அக்கா, அந்தக் கட்டிலை உடைச்சுப் போட்டன். அண்ணையின்ர கையையும் முறிச்சுப் போட்டன்" என்றேன். அவள் மெச்சுவாள் என்று நினைத்தேன்.

"அந்த வெள்ளை எனக்கு ஒருநாளும் நோகேல்லையடி" என்றாள். "கலியாணம் வேணுமோ எண்டு ஆராவது என்னைக் கேட்டனீங்களோ? போ. இனி இஞ்ச வராதை."

முகத்தைத் திருப்பப் பார்த்தாள். கழுத்து விடவில்லை. நான் போகும்வரை கண்களை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள்.